கப்பலே கல்லூரி: ஹேர்மன் மெல்விலின் வாழ்வும் ஆக்கமும்

ஒரு நூலின் தகுதியை அந்நூல் தோன்றிய காலத்தார் எப்பொழுதும் சரியாக அளந்துவிடுவர் எனல் பொருந்தாது. அமெரிக்க நாவலாசிரியராகிய ஹேர்மன் மெல்விலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1851ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘மோபி டிக்’ என்னும் நாவல், அதன்பின் அவர் உயிர்வாழ்ந்த நாற்பது ஆண்டுகளிலும் அமெரிக்காவில் ஏறக்குறைய 3,200 பிரதிகளே விலைப்பட்டது. இன்றோ அது ஆங்கில மொழியில் எழுந்த பெருநாவல்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. பல்கலைக்கழகங்களிற் பாடநூலாகப் பயிலப்படுகின்றது.

புறக்கணிக்கப்பட்ட மேதையொருவர் இறந்தபின் போற்றப்பட்டார் என்ற அளவில் இவ்வரலாற்றைக் கூறி அமைதல் எளிது. ஆயின் அதனினும் கருதத்தக்க செய்தியொன்று இதனுள் உண்டு. மெல்வில் பல்கலைக்கழக வாயிலை மிதித்தவரல்லர். திமிங்கில வேட்டைக் கப்பலே தனக்கு யேல் கல்லூரியாகவும் ஹாவர்ட் சர்வகலாசாலையாகவும் அமைந்ததெனத் தம் நாவலின் கதைசொல்லி வாயிலாக அவர் கூறுகின்றார். அக்கப்பலில் அவர் கற்ற பாடம் யாது? அது நாவலில் எவ்வாறு உருப்பெற்றது? உலகம் அவரை மறந்த காலத்தில் அவருக்கு எவ்வாறு துணைநின்றது? இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் வறுமையும்

மெல்வில் 1819ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் முதலாந் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார், 1773ஆம் ஆண்டில் பொஸ்ரன் துறைமுகத்தில் ஆங்கிலேயரின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தோருள் ஒருவர். தாய்வழிப் பாட்டனார், 1777ஆம் ஆண்டில் ஸ்ரான்விக்ஸ் என்னுங் கோட்டையைப் பகைவரிடமிருந்து காத்த படைத்தலைவர். இத்தகைய குடிப்பெருமை இருந்தும், பிரான்சிய நாட்டுப் பொருள்களை இறக்குமதி செய்து விற்றுவந்த தந்தையாரின் வணிகம் 1830ஆம் ஆண்டில் நொடித்தது. குடும்பம் ஓல்பனி நகருக்குப் பெயர்ந்தது. 1832ஆம் ஆண்டு சனவரியில் தந்தையார் கடனை விட்டு இறந்தபொழுது மெல்விலுக்கு வயது பன்னிரண்டு.

அதன்பின் அவருடைய படிப்புத் தொடர்ச்சியாக நடைபெறவில்லை. வங்கியில் எழுதுவினைஞராகவும், தமையனாரின் தொப்பிக் கடையில் உதவியாளராகவும், பெரிய தந்தையாரின் பண்ணையில் வேலையாளாகவும், நாட்டுப்புறப் பாடசாலையில் ஆசிரியராகவும் அவர் காலங் கழித்தார். நில அளவை கற்றும் தக்க வேலை வாய்க்கவில்லை. 1839ஆம் ஆண்டில் வணிகக் கப்பலொன்றிற் கடைநிலை மாலுமியாக லிவர்ப்பூல் சென்று மீண்டார். 1841ஆம் ஆண்டு சனவரி மூன்றாந் திகதி ‘அக்குஷ்னெற்’ என்னுந் திமிங்கில வேட்டைக் கப்பலேறிப் பசுபிக் கடலை நோக்கிப் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று.

கப்பற் கல்வி

அக்காலத்தில் வீடுகளின் விளக்குகளுக்கும் ஆலைகளின் யந்திரங்களுக்கும் வேண்டிய எண்ணெயைப் பெரிதும் அளித்தவை திமிங்கிலங்களே. 1859ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் மண்ணெண்ணெய்க்கு மூலமாகிய நிலநெய்க் கிணறு தோண்டப்படும்வரை இத்தொழில் செழித்திருந்தது. 1840களின் நடுப்பகுதியில் அமெரிக்க வேட்டைக் கப்பல்களின் தொகை 700ஐ விஞ்சியது. ஒரு கப்பல் தாயகம் மீள மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். மாலுமிகளுக்குத் திட்டமான சம்பளம் இல்லை. பயண முடிவிற் கிடைக்கும் ஊதியத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்குண்டு. திமிங்கிலத்தைச் சிறு படகுகளிற் சென்று எறியீட்டியாற் குத்திக் கொன்று, கப்பலின் பக்கத்தே கட்டி, அதன் கொழுப்பை உரித்தெடுப்பர். கப்பற்றளத்திலேயே செங்கல்லடுப்பு அமைத்துப் பெருங் கொப்பரைகளில் அக்கொழுப்பை உருக்குவர். உருக்கியபின் எஞ்சுஞ் சக்கையே மீண்டும் அடுப்புக்கு விறகாகும். திமிங்கிலம் தன்னுடலைத் தானே எரித்து எண்ணெய் தருவதாக மெல்வில் இதனை வருணிப்பர்.

இவ்வாழ்வின் கொடுமை தாங்காது, 1842ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மார்க்கேசஸ் தீவுகளுள் ஒன்றாகிய நூக்குஹீவாவில் அவர் தோழன் ஒருவனுடன் கப்பலைவிட்டுத் தப்பியோடினார். நரமாமிசம் உண்போர் என்று மாலுமிகள் அஞ்சிய தைப்பீ மக்களிடையே ஏறக்குறைய ஒரு மாதம் தங்கினார். அவர்கள் அவரை அன்புடன் பேணினர். பின்னர் வேறொரு கப்பலில் ஏறி, அங்கு எழுந்த கலகத்திற் பங்குகொண்டு, தாகித்தித் தீவிற் சிறைவைக்கப்பட்டார். அங்கிருந்து ஹவாய் சென்று, அமெரிக்கப் போர்க்கப்பலொன்றிற் சேர்ந்து, 1844ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் பொஸ்ரன் வந்து சேர்ந்தார். போர்க்கப்பலில் மாலுமிகள் சவுக்கால் அடிக்கப்படுவதைப் பன்முறை கண்டார். இருபத்தைந்தாம் வயதுவரை தம்மில் வளர்ச்சியே இருக்கவில்லையென்றும், அவ்வாண்டிலிருந்தே தம் வாழ்வைக் கணக்கிடுவதாகவும் அவர் பிற்காலத்தில் நண்பர்க்கு எழுதினார். அவ்விருபத்தைந்தாம் ஆண்டு அவர் கடலிலிருந்து மீண்ட ஆண்டே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

புகழ் தந்த நூல்கள்

கடலிற் கண்டவற்றை வீட்டார்க்குக் கதையாகக் கூறியவர், பின்னர் அவற்றை எழுதத் தொடங்கினார். தைப்பீ மக்களைப் பற்றிய முதல் நூல் ‘தைப்பீ’ என்னும் பெயருடன் 1846ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. ஒரு மாத வாசத்தை அதில் அவர் நான்கு மாதமாக்கியிருந்தார். இது மெய்யோ பொய்யோ எனச் சிலர் ஐயுற்ற வேளையில், அவருடன் தப்பியோடிய தோழர் றிச்சட் தோபியஸ் கிறீன் தாமே முன்வந்து சான்று பகர்ந்தார். நாகரிகமற்றோர் எனப்பட்டவர்களிடம் அன்பும் அமைதியும் இருத்தலையும், நாகரிகத்தைப் பரப்பச் சென்றோரால் அவர்கட்குக் கேடு விளைதலையும் அந்நூல் எடுத்துக் காட்டிற்று. சமயப் பரப்புநரைக் கடிந்த பகுதிகள் அமெரிக்காவின் திருத்திய பதிப்பில் நீக்கப்பட்டன.

1847ஆம் ஆண்டில் ‘ஓமூ’ வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மசச்சூசெற்ஸ் மாநிலப் பிரதம நீதியரசர் லெமுவேல் ஷோ என்பாரின் மகள் எலிசபெத்தை அவர் மணந்தார். 1849ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மார்டி’ என்னும் நூலில், நடந்ததைக் கூறும் எல்லையைக் கடந்து தத்துவமும் உருவகமும் கலந்தெழுத முயன்றார். வாசகர்கள் அதனை விரும்பவில்லை. குடும்பச் செலவு நெருக்கவே, ‘றெட்பேண்’, ‘வைற் ஜக்கெற்’ என்னும் இரு நூல்களையும் ஒரே கோடைகாலத்தில் எழுதி முடித்தார். விறகு பிளப்போர் கூலிக்காகப் பிளப்பதுபோல் அவற்றை எழுதியதாக அவரே குறிப்பிட்டார். எனினும், சவுக்கடித் தண்டனையை வன்மையாகக் கண்டித்த ‘வைற் ஜக்கெற்’ பொருளற்ற நூலன்று. அந்நூல் வெளிவந்த 1850ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பேரவை அத்தண்டனையைக் கடற்படையிலிருந்து ஒழித்தது.

கடலிற் பெற்ற கல்வியோடு நூற்கல்வியும் இக்காலத்தில் அவரிடம் வந்து சேர்ந்தது. 1849ஆம் ஆண்டில், கண்பார்வை குன்றிய தமக்கு ஏற்ற பெரிய எழுத்துப் பதிப்பொன்றில் சேக்ஸ்பியரை ஆழ்ந்து பயின்றார். 1850ஆம் ஆண்டு ஆகஸ்றில் மலைப்பயணமொன்றின்போது நாவலாசிரியர் நதானியேல் ஹோதோண் அவருக்கு அறிமுகமானார். அந்நட்பு அவரைப் பெரிதும் ஊக்கியது. ஹோதோண் வசித்த இடத்துக்கு அண்மையில், பிற்ஸ்பீல்டில், ஒரு பண்ணையை வாங்கி, அங்கிருந்தே ‘மோபி டிக்’ நாவலை எழுதி முடித்து அதனை ஹோதோணுக்கு உரிமையாக்கினார்.

மோபி டிக்

கதைச் சுருக்கம் வருமாறு: மோபி டிக் என்னும் வெள்ளைத் திமிங்கிலத்தால் ஒரு காலை இழந்த ஆகாப் என்னுங் கப்பற்றலைவன், எண்ணெய் தேடும் வாணிகப் பயணத்தைத் தன் பழிவாங்கும் பயணமாக மாற்றுகின்றான். மூன்று நாட் போராட்டத்தின்பின் திமிங்கிலம் கப்பலைத் தாக்கி அழிக்கின்றது. இஸ்மவேல் என்னும் மாலுமி மாத்திரம் தப்பி வந்து கதை சொல்கின்றான். திமிங்கிலம் கப்பலைத் தாக்குதல் வெறுங் கற்பனையன்று. 1820ஆம் ஆண்டில் ‘எஸெக்ஸ்’ என்னுங் கப்பல் பசுபிக் கடலில் இவ்வாறே அழிந்தது. அதில் உயிர்தப்பிய ஓவன் சேஸ் எழுதிய வரலாற்று நூலை, அவருடைய மகனிடமிருந்து நடுக்கடலிற் பெற்றுப் படித்ததாக மெல்வில் எழுதிவைத்துள்ளார்.

இந்நாவலின் 135 அத்தியாயங்களுட் பல, கதையை நிறுத்திவிட்டுத் திமிங்கிலத்தின் தலை, தோல், வால், எலும்பு, அதனை வேட்டையாடும் முறை, கயிறு, கொப்பரை என்பனவற்றை விளக்குகின்றன. அவசரப்படும் வாசகர் இவற்றைத் தாண்டிச் செல்வர். ஆயின் மெல்வில் கப்பலிற் கற்ற பாடங்கள் இப்பகுதிகளிலேதான் உள்ளன.

முதலாவது பாடம், ஒருவன் உயிர் மற்றொருவன் கையில் உள்ளதென்பது. கப்பற் பக்கத்தே வழுக்கும் திமிங்கிலத்தின் முதுகில் நின்று குவீக்குவெக் என்னுந் தீவுவாசி வேலை செய்கின்றான். அவன் இடுப்பிற் கட்டிய கயிற்றின் மறுதலை, தளத்தில் நிற்கும் இஸ்மவேலின் இடுப்பிற் பிணிக்கப்பட்டுள்ளது. கீழே உள்ளவன் கடலில் வீழின் மேலே உள்ளவனும் வீழவேண்டும். நிறமும் சமயமும் மொழியும் வேறான இருவரை ஒரு தொழில் இவ்வாறு ஒரே உயிராக்கிவிடுகின்றது. பங்குக் கணக்கிலும் இதனைக் காணலாம். கல்வியுள்ள வெள்ளையனாகிய இஸ்மவேலுக்கு ஊதியத்தில் 300இல் ஒரு பங்கு. எழுத்தறியாத குவீக்குவெக்குக்கோ, எறியீட்டித் திறமையின் பொருட்டு 90இல் ஒரு பங்கு. அமெரிக்காவில் அடிமை முறை நிலவிய காலத்தில் எழுதப்பட்ட செய்தி இது என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது பாடம், அறிவு முற்றுப்பெறுவதன்று என்பது. நூல்களை அளவுபற்றி வகுப்பதுபோலத் திமிங்கிலங்களையும் பெருநூல், இடைநூல், சிறுநூல் என இஸ்மவேல் வகுக்கத் தொடங்கி, அவ்வகுப்பை முடிக்காமலே விட்டுவிடுகின்றான். திமிங்கிலத்தைப் பற்றிப் பல நாட்டார் கூறியவற்றையும் தேடித் தொகுக்கின்றான். அத்தொகுப்பில் நம் சமயமும் இடம்பெறுகின்றது என்பதை இந்துக் கல்லூரி மாணவர் அறிதல் நன்று. பிரளய வெள்ளத்துள் ஆழ்ந்த வேதங்களை மீட்கத் திருமால் எடுத்த மச்சாவதாரத்தைத் திமிங்கில அவதாரமாகக் கொண்டு, திமிங்கில வேட்டைக்காரரின் பெருங்குலத்திலே விஷ்ணுவையும் அவன் நகைச்சுவையாகச் சேர்த்துவிடுகின்றான். எலிபந்தாக் குகைச் சிற்பத்தையும் குறிப்பிடுகின்றான். புராணம், விஞ்ஞானம், தொழிலறிவு யாவற்றையும் திரட்டியபின்னரும், உயிருள்ள திமிங்கிலத்தின் முழுவுருவை எவரும் கண்டெழுதியதில்லை என்பதே அவன் முடிபு.

ஆகாப் இதற்கு நேர்மாறானவன். உலகிலுள்ள தீமை முழுவதும் அந்த ஒரு விலங்கில் உருக்கொண்டதென்று அவன் துணிந்துவிட்டான். மோபி டிக்கை முதலிற் காண்பவனுக்குப் பரிசாகப் பாய்மரத்தில் அறையப்பட்ட பொற்காசை மாலுமிகள் ஒவ்வொருவராக வந்து பார்க்கும் அத்தியாயம் இவ்வேற்றுமையைத் தெளிவாக்கும். ஒருவன் அதிற் சமய உண்மையைக் காண்கின்றான். ஒருவன் சோதிடத்தைக் காண்கின்றான். ஒருவன் அதனால் எத்தனை சுருட்டு வாங்கலாம் என்று கணக்கிடுகின்றான். ஆகாப்போ, காசிற் பொறித்த மலையிலும் கோபுரத்திலும் சேவலிலும் தன்னையே காண்கின்றான். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் கண்டவன் தன்னைச் சேர்ந்தோரையும் அழித்துத் தானும் அழிகின்றான். தன் அறிவு போதாதென உணர்ந்தவன், நண்பன் குவீக்குவெக்குக்காகச் செய்த சவப்பெட்டியே மிதவையாகப் பிழைக்கின்றான். அறிவின் அடக்கமும் மனிதத் தோழமையும் ஆகிய இரு பாடங்களும் கதையின் முடிவில் இவ்வாறு ஒன்றுபடுகின்றன.

புறக்கணிப்பு

இந்நாவல் 1851ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ‘திமிங்கிலம்’ என்னும் பொருள்படும் பெயருடன் இலண்டனிலும், நவம்பரில் நியூயோர்க்கிலும் வெளிவந்தது. இலண்டன் பதிப்பில் சமயத்துக்கும் அரசுக்கும் ஒவ்வாதெனப்பட்ட பகுதிகள் வெட்டப்பட்டன. இஸ்மவேல் தப்பியதைக் கூறும் முடிவுரையும் விடுபட்டுப் போயிற்று. கப்பலிலுள்ளோர் யாவரும் இறந்தபின் கதை சொன்னவன் யாவன் என்று மதிப்புரைகாரர் வினவினர். புகழ்ந்தோர் சிலர் இருந்தனரெனினும், கடற் கதையில் இத்துணைத் தத்துவமும் ஆராய்ச்சியும் எதற்கு என்பதே பலருடைய குறை. ‘தைப்பீ’ போன்ற நூலை எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். மறுவருடம் வந்த ‘பியர்’ என்னும் நாவல் கடுங் கண்டனத்துக்கு ஆளாயிற்று. 1853ஆம் ஆண்டில் பதிப்பகத்தில் எழுந்த தீயில் அவருடைய நூற்பிரதிகள் பல எரிந்தன.

தம்மை எழுதத் தூண்டும் பொருள் விலைபோகாது; விலைபோவதை முற்றாக எழுதத் தம்மால் இயலாது எனும் பொருள்பட அவர் ஹோதோணுக்கு எழுதினார். 1853ஆம் ஆண்டில் ‘பார்ட்டில்பி’ என்னும் சிறுகதை வெளிவந்தது. நீதித்துறைப் பத்திரங்களைப் படியெடுக்கும் எழுதுவினைஞன் ஒருவன், இட்ட பணியைச் செய்ய விரும்பவில்லையென அமைதியாக மறுத்துக்கொண்டே உயிர்விடும் வரலாறு அது. அடிமைக் கப்பலொன்றின் கலகத்தைக் கூறும் ‘பெனிற்றோ செரீனோ’ 1855ஆம் ஆண்டில் வந்தது. 1857ஆம் ஆண்டிலே வெளிவந்த நாவலே அவர் உயிரோடிருந்தபொழுது வெளிவந்த இறுதி நாவல். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு.

மௌன வாழ்வு

1866ஆம் ஆண்டு திசெம்பரில் நியூயோர்க் துறைமுகத்திற் சுங்கப் பரிசோதகராகப் பணியேற்றார். நாட்சம்பளம் நான்கு டொலர். அப்பதவியில் 19 ஆண்டுகள் இருந்தார். இல்வாழ்வும் இனிதாயிருந்ததெனக் கூறுதற்கில்லை. அவருடைய சினமும் மனச்சோர்வுங் கண்டு, 1867ஆம் ஆண்டில் மனைவியைப் பிரித்தழைக்க அவள் உறவினர் எண்ணினர்; அவள் பிரியவில்லை. அவ்வாண்டு செத்தெம்பரில் மூத்த மகன் மல்கம், பதினெட்டாம் வயதில், வீட்டிலே துப்பாக்கிச் சூட்டால் இறந்தான். இளைய மகனும் 1886ஆம் ஆண்டில் இறந்தான். மேதைமை ஒருவரைத் துன்பத்தினின்றுங் காப்பதில்லை. அவரைச் சார்ந்தோரையுங் காப்பதில்லை.

எனினும் எழுதுதலை அவர் கைவிடவில்லை. பாலஸ்தீனப் பயணத்தை அடியாகக் கொண்டு, நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் இடையே அலையும் உள்ளத்தை ஏறக்குறைய 18,000 அடிகளிற் பாடிய ‘கிளாரல்’ என்னுங் காவியத்தை, மாமனார் ஒருவர் விட்டுச்சென்ற பணத்தைக்கொண்டு 1876ஆம் ஆண்டில் வெளியிட்டார். பகற்பொழுது துறைமுகத்திற் கழிய, எஞ்சிய நேரத்திற் பாடப்பட்ட காவியம் அது. அதனை வாசித்தோர் மிகச் சிலர். இறுதிக் காலக் கவிதைத் தொகுதிகள் இரண்டையும் 25 பிரதிகள் வீதமே அச்சிடுவித்தார்.

ஓய்வு பெற்றபின் ‘பில்லி பட்’ என்னும் குறுநாவலைத் தொடங்கிப் பலமுறை திருத்தி எழுதினார். 1797ஆம் ஆண்டின் ஆங்கிலப் போர்க்கப்பலிற் கதை நிகழ்கின்றது. குற்றமற்ற இளம் மாலுமி ஒருவன்மீது மேலாள் ஒருவன் பொய்ப்பழி சுமத்துகின்றான். திக்குவாயனாகிய இளைஞனுக்கு மறுமொழி வரவில்லை, நாவுக்குப் பதிலாகக் கை எழுகின்றது, பழித்தவன் இறக்கின்றான். அவன் உள்ளத்தாற் குற்றமற்றவன் என்று அறிந்தும், சட்டத்தைக் காக்கவேண்டித் தலைவன் அவனைத் தூக்கிலிடச் செய்கின்றான். தலைவன் செய்தது நீதியா என்ற வினாவுக்கு மெல்வில் விடை தரவில்லை. பொற்காசு அத்தியாயத்தை எழுதிய கை முதுமையிலும் மாறவில்லை என்க. கையெழுத்துப் பிரதியை முடிக்காமலே 1891ஆம் ஆண்டு செத்தெம்பர் 28ஆந் திகதி அவர் காலமானார்.

மீண்ட புகழ்

1919ஆம் ஆண்டில் அவருடைய பிறந்த நூற்றாண்டு வந்தபொழுது சிலர் கவனம் அவர்பால் திரும்பியது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றேமண்ட் வீவர் அவருடைய பேர்த்தியாரிடம் எஞ்சியிருந்த தாள்களை ஆராய்ந்து, 1921ஆம் ஆண்டில் வாழ்க்கை வரலாறொன்றை வெளியிட்டார். அத்தாள்களிடையே கிடந்த ‘பில்லி பட்’ 1924ஆம் ஆண்டில், ஆசிரியர் இறந்து 33 ஆண்டுகளின்பின், அச்சேறியது. 1923ஆம் ஆண்டில் டீ. எச். லோறன்ஸ் அமெரிக்க இலக்கியம் பற்றிய தம் நூலில் மெல்விலை விரிவாக ஆராய்ந்தார். 1951ஆம் ஆண்டில் பெஞ்சமின் பிறிற்றன் ‘பில்லி பட்’ கதையை இசை நாடகமாக்கினார்.

மெல்விலை முதன்முதலாகப் படிக்கப் புகும் மாணவர் ‘பார்ட்டில்பி’யில் தொடங்கி, ‘பில்லி பட்’டைப் படித்து, அதன்பின் ‘மோபி டிக்’கை அணுகுதல் நன்று. திமிங்கில ஆராய்ச்சிப் பகுதிகளைத் தாண்டாது, கப்பல் மெல்ல மெல்லச் செல்வதுபோல நாளுக்குச் சில அத்தியாயங்களாகப் படித்தல் வேண்டும். கற்பிப்போரும், இந்த வெள்ளைத் திமிங்கிலத்தின் பொருள் இதுவே என்று குறிப்புத்தாளில் ஒரு வரியாக எழுதிக் கொடுத்துவிடாதிருத்தல் நலம். அங்ஙனம் எழுதிக் கொடுத்தவன் ஆகாப்.

மெல்விலுக்குப் பட்டம் வழங்கிய கலாசாலை எதுவுமில்லை. அவர் நூலுக்கு மதிப்பளித்த தலைமுறையும் அவர் வாழ்நாளில் வரவில்லை. கற்பதற்கு முதலாவதும், எழுதுவதற்கு இரண்டாவதும் இன்றியமையாதன என்று அவர் கருதியிருப்பின், இளமையிலேயே கற்றலை நிறுத்தியிருப்பார். நடுவயதிலேயே எழுதுதலை நிறுத்தியிருப்பார். நாள் முழுதும் பிறர் பொருளைப் பரிசோதித்துவிட்டு வீடு திரும்பிய அந்தச் சுங்க உத்தியோகத்தர், இரவில் விளக்கை ஏற்றித் தம் தாள்களை மீண்டும் எடுத்தார். அத்தாள்களே இன்று நம் கையில் உள்ளன.